இரண்டு முப்பத்தேழு

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு பக்கக் கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறேன். அட்டைகளில் ஓட்டை போடுகிற வேலை. இப்போது நடப்பது 1967. இயந்திரத்துக்குச் சூடு ஆகாது என்று அறையை எப்போதும் குளிரவைத்திருப்பார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் நாங்கள் ஆறு பெண்களும் உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவள் என்று மேலாளரிடம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கம்பெனி நடத்தும் தமிழ் இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தா என்றார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'நமது ஆபரேட்டிங் சிஸ்டம் எவ்வளவு மெமரியைத் தாங்கும்?'

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு மேஸ்திரி. எந்த வேலை முதலில், எது பிறகு, எதை எங்கே வைப்பது, கேட்டால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அதன் பொறுப்பு. மெமரி என்பது அது பொருள் வைக்கிற அலமாரி. இன்னொரு அலமாரியை வாங்கிப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு மடங்கு தாங்குமா என்று இஞ்சினியரிடம் கேட்டேன்.

"வாங்கி வைக்கலாம்மா. ஆனா அங்கே ஒரு அலமாரி இருக்குங்கறதே அதுக்குத் தெரியாது. கூப்பிட நம்பர் இல்லாத இடம், அதைப் பொறுத்தவரைக்கும் இல்லாத இடம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டுரையை மூன்று தடவை தொடங்கினேன்.

மெமரி என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட அறைகள் என்று வைத்துக்கொண்டால்—

ஒரு தெருவில் எத்தனை வீடு இருக்கலாம் என்பதைத் தெரு தீர்மானிப்பதில்லை, கதவில் எண் எழுதுகிற தகரத்தின் நீளம்தான்—

குற்றாலத்தில் ஒரு கொட்டகை இருந்தது.

மூன்றாவது வாக்கியத்தை எழுதிய பிறகு என்னால் கட்டுரைக்குத் திரும்ப முடியவில்லை.

2

1957, ஆடி மாதக் கடைசி. சாரல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு—

[அடித்துவிட்டேன். போர்த்திக்கொண்டிருப்பவள் நான், மலை அல்ல. அன்றைக்கு மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஒன்று நின்றது, அதற்குள்ளிருந்து தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அவ்வளவுதான்.]

பேரருவிக்குப் போகிற வழியில், பெண்கள் பக்கமாக, ஒரு ஓலைக் கொட்டகை. குளிக்க வருகிறவர்கள் மாற்றுச் சேலையையும் கழற்றிய நகைநட்டையும் ஒரு துணியில் பொட்டலமாகக் கட்டி அங்கே கொடுப்பார்கள். வாங்கி வைக்கிறவள் ஒரு பித்தளை வில்லையை நூலால் மணிக்கட்டில் கட்டிவிடுவாள். வில்லையில் ஓர் எண் வெட்டியிருக்கும். அதே எண் போட்ட தட்டில் பொட்டலம் இருக்கும். குளித்து வந்து கையை நீட்டினால் பொட்டலம் கிடைக்கும். வில்லை சுவரிலுள்ள ஆணிப் பலகைக்குப் போகும்.

வாங்கி வைக்கிறவள் பெயர் ஆவுடைத்தாய். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலைக் கேட்டால் சண்டைக்காரி என்று தோன்றும். ஆனால் பொட்டலத்தை வாங்கும்போது மட்டும், பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்குவாள். அந்தக் கொட்டகைக்கு வந்து இது அவளுக்கு நாலாவது சாரல். மூன்று சாரலிலும் ஒரு ரவிக்கைகூட மாறிப்போனதில்லை. 'ஆவுடைத்தாய் கையில கொடுத்தா பொட்டியில வச்சுப் பூட்டுன மாதிரி' என்று தென்காசிப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். வருஷத்தில் மூன்று மாதம்தான் வேலை. மிச்ச ஒன்பது மாதத்துக்கும் அந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் அவள் அடுப்பு எரிய வேண்டும்.

3

ஆவுடைத்தாய்க்கு ஒரு புருஷனைக் கொடுத்திருந்தேன். பெயர் செல்லச்சாமி. செங்கோட்டையைத் தாண்டி மலையாளத்துப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். இரண்டு பத்தி வரைக்கும் இருந்தான். வெற்றிலை போட்டான், ஒரு தடவை சிரித்தான். அப்புறம் எனக்கு அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது. இத்தனை சின்னக் கதையில் நாலு பேருக்குமேல் வைத்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எனக்கே மறந்துபோகும். இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வந்தவள், நான் எவ்வளவு தாங்குவேன் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஆகவே அவனை எடுத்துவிட்டேன். அவன் இருந்த இடம் காலியாக இருக்கிறது. வேறு யாராவது வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

பலவேசம் அண்ணாச்சியை எடுக்க முடியாது. கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர்தான். எதிர்ப்பக்கம் டீக்கடையும் அவருடையது. கெட்டவர் இல்லை. பயந்தவர்.

வில்லைகளை அவர் தென்காசியில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஒருவரிடம் செய்து வாங்கினார். வில்லை ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். நூல் கோக்க ஓட்டை போட்டது போக மிச்ச இடத்தில் இரண்டு இலக்கத்துக்குமேல் வெட்டினால் படிக்க முடியாது என்று வெட்டுகிறவர் சொல்லிவிட்டார். அதனால் ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. சுவர்ப் பலகையிலும் தொண்ணூற்றொன்பது ஆணி.

"தொண்ணூத்தொம்பது போட்டாச்சுன்னா தட்டியச் சாத்திரு, ஆவுடை. நூறாவது ஆளு நமக்கு வரவே இல்லன்னு வச்சுக்கோ. ஒரு துணி மாறுனாலும் அடுத்த வருசம் குத்தகை எனக்கில்ல, கொட்டகை ஒனக்கில்ல" என்று பலவேசம் சொல்லிவைத்திருந்தார்.

கொட்டகைக்குள்ளே இருநூறு பொட்டலத்துக்குத் தட்டு இருந்தது. ரோட்டுப் பக்கத் தட்டுகள் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்தன.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பலகையில் ஒரு வில்லைகூட மிச்சமில்லை. எல்லா வில்லையும் அருவிக்குப் போய்விட்டது. ஆவுடைத்தாய் தட்டியைச் சாத்தப் போனாள். வெளியே பொட்டலமும் கையுமாகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சுரண்டையிலிருந்து வந்தவர்கள், வடகரையிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள். சாரல் அவர்கள்மேல் விழுவது தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் பாதித் தூக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

"இடமில்லையாக்கா?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"இடம் கெடக்கு தாயி. நம்பருதான் இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. திரும்பிப் பார்த்தாள். காலித் தட்டுகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு கோணி. ஆனிக் காற்றில் ஆண்கள் கொட்டகையின் கூரை பறந்துபோனதிலிருந்து அவர்களுடைய வில்லைகள் அதில்தான் கட்டிக் கிடந்தன. அவிழ்த்துப் பார்த்தாள். அதே அளவு, அதே கை வெட்டிய எழுத்து, அதே ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது.

அங்கேதான் வம்பு. இரண்டு ஏழு, இரண்டு பன்னிரண்டு, இரண்டு முப்பத்தேழு. கையை நீட்டினால் எந்தத் தட்டிலிருந்து எடுப்பது?

முன்னால் நின்றவள் கையில் குளிக்கிற மஞ்சள் குழைத்த கிண்ணம் இருந்தது. ஆவுடைத்தாய் அதையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கோணியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, அதன் நூலைக் கிண்ணத்தில் முக்கினாள்.

வெள்ளை நூல் என்றால் அருவிப் பக்கத் தட்டு. மஞ்சள் நூல் என்றால் ரோட்டுப் பக்கத் தட்டு.

"வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க. முண்டாதீங்க" என்றாள். நாலு சாரலில் முதல் தடவையாக அவள் குரலில் சந்தோஷம் கேட்டது.

(அடிக்குறிப்பு: அவள் குரலில் சந்தோஷம் இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.)

5

மேலாளர் அவர்களுக்கு: நீங்கள் கேட்ட கட்டுரை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கத்தரித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எவ்வளவு மெமரியைத் தாங்கும் என்றால், அது எத்தனை இடத்தை எண் சொல்லிக் கூப்பிட முடியுமோ அவ்வளவுதான் தாங்கும். வில்லையில் இரண்டு இலக்கம்தான் வெட்ட முடியும் என்றால் தொண்ணூற்றொன்பது தட்டு. வில்லையைப் பெரிதாக்க வழியில்லையா? அதில் ஒரு நூலைக் கட்டி, நூலுக்கு இரண்டு நிறம் வையுங்கள், இரண்டு மடங்காகிவிடும். இன்னொரு நூல் கட்டினால் நாலு மடங்கு. மூன்றாவதற்கு எட்டு. நம் இயந்திரத்திலும் ஏறத்தாழ இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று இஞ்சினியர் டீ குடித்துவிட்டு வந்து சொன்னார். எத்தனை நூல் கட்டியிருக்கிறதோ அதற்குமேல் நீங்கள் எத்தனை பெட்டி வாங்கி வைத்தாலும், பெட்டி இருக்கும், கூப்பிட முடியாது.

நூலின் நிறம் போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அப்படியெல்லாம் போகாதும்மா என்றார். அவர் குற்றாலத்தில் குளித்தவர் இல்லை.

6

செல்லச்சாமி காலி செய்த இடத்துக்கு இப்போது ஓர் ஆள் வருகிறாள். பத்தொன்பது வயது. சுரண்டைப் பக்கம். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. பல பெயர்களை எழுதிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. ஆகவே 'அந்தப் பெண்' என்றே இருக்கட்டும்.

அந்தப் பெண் அருவிக்குள் நின்றுகொண்டிருந்தாள். அருவிக்குள் நின்றவர்களுக்குத் தெரியும்: தலையில் தண்ணீர் விழத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நம் பெயர், ஊர், யாருடைய பெண் என்பதெல்லாம் எங்கேயோ தள்ளிப்போய்விடும். கண்ணைத் திறந்தாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. பக்கத்தில் நிற்பவளின் தோள் மட்டும் படும். அப்படித் தோள் பட்டவள்தான் ராபியா. வடகரைக்காரி, முப்பது வயது இருக்கும். தண்ணீருக்குள் நின்றபடியே இந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஒனக்கு என்ன நம்பரு? முப்பத்தேழா? எனக்கும் முப்பத்தேழுதான்!"

இரண்டு பேரும் வெளியே ஓரமாக வந்து, இரண்டு கையையும் சேர்த்துவைத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றாள் ராபியா. "நீ என் துணிய உடுத்திட்டு என் வீட்டுக்குப் போ. மீனு வாங்கி வச்சிருக்கேன், கொழம்பு வையி. நான் ஒன் துணிய உடுத்திட்டு ஒன் வீட்டுக்குப் போறேன்."

"எங்க வீட்டுக்குப் போனா பத்து நாள்ல ஒங்களுக்குக் கல்யாணம் நடந்துரும்க்கா."

"ஐயோ, ஒண்ணு பண்ணுனதே போதும்!"

ராபியா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? பிடிக்கலையா?"

"டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிருக்கேன்க்கா. மெட்ராஸ்ல என்கூடப் படிச்சவ இருக்கா. வேலை இருக்கு, வான்னு எழுதுதா."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னேன். அந்தக் கடுதாசிய அடுப்புல போட்டுட்டாங்க."

ராபியா ஈரத் தலைமுடியை முறுக்கிப் பிழிந்தாள். பிறகு, "அருவியில நின்னு அழுதா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சியாக்கும். மூக்கு செவந்து கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனாள்.

(அடிக்குறிப்பு: ராபியா இன்னும் ஏதாவது புத்தி சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை, நான் சொல்லவைக்க மாட்டேன்.)

7

மத்தியானத்துக்குமேல் பெண்கள் திரும்பிவரத் தொடங்கினார்கள். முதல் கை நீண்டது. ஆவுடைத்தாய் நூலைப் பார்த்தாள். இரண்டாவது கை. மூன்றாவது கை.

வெள்ளை நூல் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் நூலும் இல்லை. எல்லா நூலும் சீயக்காய் நிறத்தில் இருந்தன.

எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுத்தானே எல்லோரும் அருவியில் நிற்கிறார்கள். இது அவளுக்குத் தெரியாதா? அவள் தலையிலும் அன்று காலை அதே சீயக்காய்தான். வில்லை அருவிக்குள் போகும் என்பது தெரியும். சீயக்காயும் போகும் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்து போகும் என்பது மட்டும் தோன்றவில்லை. இடம் கொடுத்த சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

"ஏக்கா, குளிருது, துணியத் தாங்க."

"பொறு தாயி. உன் பொட்டணத்துல என்ன வச்சிருக்கே?"

துணி கேட்டவள் சுற்றிலும் பார்த்தாள். பத்துப் பேர் நடுவில் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? கிழிந்த ரவிக்கை இருக்கும். கவரிங் சங்கிலி இருக்கும். ஆவுடைத்தாய் காதைக் காட்டினாள்.

"எங்காதுல சொல்லு."

இப்படித்தான் அது தொடங்கியது. ஈரத் தலையோடு ஒவ்வொருத்தியாக வந்து, அவள் காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னார்கள். நாத்தனாருக்குத் தெரியாமல் எடுத்துவந்த சேலை. வாழைச் சருகில் சுற்றிய வெற்றிலை. யாரிடமும் காட்டாத ஒரு மாத்திரைப் பொட்டலம். இறந்துபோன பிள்ளையின் அரைஞாண். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணைத் திறக்காமலே போய் எடுத்துவந்தாள். ஒவ்வொருத்தியின் மூச்சும் காதில் சில்லென்று பட்டது. பின்னால் அருவி விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்கு வில்லையும் வேண்டாம், பலகையும் வேண்டாம் என்று நடுவில் ஒருதடவை அவளுக்குத் தோன்றியது.

ராபியா வந்தாள். கருப்புக் கரை போட்ட வெள்ளைத் துப்பட்டி, தாயத்து ஒன்று, அரைப்படி நிலக்கடலை என்றாள். முப்பத்தேழு. சரியாகக் கொடுத்துவிட்டாள். வில்லை காலியாக இருந்த ஆணிக்குப் போனது; ஆணி நிறைந்த எண் என்றால் கோணிக்குப் போகும்.

ஒன்றுகூட மாறவில்லை.

ஐந்து மணிக்குக் கூட்டம் வடிந்தது. ஆவுடைத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். ரோட்டுப் பக்கத் தட்டில்— இல்லை, அருவிப் பக்கத் தட்டில்—

[எந்தப் பக்கம் என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இதைப் பற்றியும் கடைசியில்.]

ஒரு தட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. எண் முப்பத்தேழு.

ஆறு மணி வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அவிழ்த்தாள். நீலத்தில் சரிகைக் கரை போட்ட புதுச் சேலை, நிச்சயதார்த்தத்துக்குக் கட்டியது. மடிப்பில் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. அதற்கேற்ற ரவிக்கை. ஒரு சீப்பு. காகிதத்தில் நாலு முறுக்கு, ஒன்று கடித்தது. பெயர் எழுதின எதுவும் இல்லை.

கடித்த முறுக்கைப் பார்த்ததும் ஆவுடைத்தாய் பொட்டலத்தைத் திரும்பக் கட்டிவைத்துவிட்டு டீக்கடைக்கு ஓடினாள்.

8

பலவேசம் டீக்கடையில் பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு பொட்டணம் நிக்கி. ஒரு பொம்பளப் புள்ளையக் காணோம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். நேரே ஆணிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஆள்காட்டி விரலால் ஒன்றிலிருந்து தொட்டுக்கொண்டே போனார். முப்பத்தேழில் வில்லை தொங்கியது. தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றார்.

"எல்லா ஆணியும் நெறஞ்சுதானே இருக்கு? எவளக் காணோம்ங்கே?"

"முப்பத்தேழ."

"முப்பத்தேழு இந்தா தொங்குதே!"

"இது வேற முப்பத்தேழு அண்ணாச்சி."

"வேற முப்பத்தேழு ஏது?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்தார். மூலையிலிருந்த கோணியைப் பார்த்தார். அதன் கட்டு அவிழ்ந்திருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. குரலை இறக்கிக்கொண்டார்.

"இங்க பாரு ஆவுடை. பலகை நெறஞ்சிருக்கு. வந்த தொண்ணூத்தொம்பது பேரும் துணியோட போயாச்சு. நீ இப்பப் போலீஸ்ல போயி ஆளக் காணோம்னு சொன்னியன்னா, முதல்ல என்ன கேப்பான்? எப்படிக் காணோம்னு சொல்லுதேம்பான். கோணியக் காட்டணும். காட்டுனா ஒன் வேலை போச்சு, என் குத்தகையும் போச்சு. அந்தப் புள்ள ஈரத்துணியோட பஸ் ஏறிப் போயிருக்கும். விடு."

"விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா அவ வீட்ல தேடி வரமாட்டாங்களா?"

"வீட்ல தேடலைன்னா அண்ணாச்சி? அந்தப் புள்ள வந்திருந்ததுங்கறதே நம்ம ரெண்டு பேரத் தவிர வேற யாருக்கும் தெரியாதே?"

பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிடு என்று பலவேசம் வாசலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடைத்தாய் ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் கோணியுமாக நின்றாள். கோணியில் தொண்ணூற்றெட்டு வில்லைகள் இருந்தன. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சாரல் நிற்கவில்லை.

9

இனிமேல் என்ன என்று நாலு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. ஆவுடைத்தாய் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். எரிக்க மனசு வரவில்லை; பெட்டியின் அடியில் வைக்கிறாள். யாரும் தேடி வரவில்லை. வேலை போகாமல் தப்பியது. அதற்குப் பிறகு யாருடைய பொட்டலத்தை வாங்கினாலும் ஒற்றைக் கையால்தான் வாங்குகிறாள்.

இது நடந்திருக்கக்கூடியது. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது. கோணியைக் கொண்டுபோய் டீக்கடை பெஞ்சில், எல்லோரும் பார்க்க, கொட்டுகிறாள். "இன்னைக்குத் தொண்ணூத்தொம்பது பேர் இல்ல, அதுக்கு மேல வந்தாங்க. நான்தான் விட்டேன். ஒரு புள்ள வரல. தேடுங்க." ஆட்கள் கழியோடு இறங்கி, அருவித் தண்ணீர் விழுந்து பொங்கும் பொங்குமாங்கடல் பள்ளத்துக்குக் கீழே பாறை இடுக்கெல்லாம் இருட்டும்வரை குத்திப் பார்க்கிறார்கள். மறுநாளும் பார்க்கிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆவுடைத்தாய்க்கு வேலை போகிறது.

இதை எழுதி முடித்துவிட்டு நான் அழுதேன்.

மூன்றாவது. அந்தப் பெண் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, பொட்டலத்தை நினைத்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறாள். "ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?" என்று கேட்கிறாள்.

இது பொய். அவள் திரும்பி வரவில்லை.

நாலாவதில் ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. கிழித்துப்போட்டேன்.

10

அவள் திரும்பி வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பெண் நான்தான்.

கூட வந்த பக்கத்து வீட்டாரிடம் தென்காசியில் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டேன். பிடிக்காத கல்யாணத்தின் சேலையைப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தோடு, ஈரச் சேலையிலேயே பஸ் ஏறினேன், பிறகு ரயில். மதுரை வரும்போது சேலை காய்ந்துவிட்டது. மணிக்கட்டில் வில்லை இருப்பதை எழும்பூரில் இறங்கும்போதுதான் பார்த்தேன்.

தேட வேண்டாம் என்று வீட்டுக்குக் கடிதம் போட்டேன். தேடவில்லை. என்னைத் தலைமுழுகிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தேட வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். ஆனாலும் தேடவில்லையே என்று பத்து வருஷமாக எனக்கு வருத்தம் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கூப்பிட நம்பர் இல்லாத இடம் இல்லாத இடம்தான் என்று அந்த இஞ்சினியர் சொன்னபோது என் சாப்பாடு இறங்காமல் போனது இதனால்தான்.

என் பொட்டலம் அங்கே நிற்பதைப் பார்த்திருக்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஆவுடைத்தாய் என்று நான்தான் வைத்தேன். பலவேசத்தையும் நான்தான் உண்டாக்கினேன். எனக்கு நிஜமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: கொட்டகையில் ஒருத்தி மஞ்சள் கிண்ணத்தில் நூலை முக்கினாள், என் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினாள், வாங்க, முண்டாதீங்க என்று சந்தோஷமாகச் சொன்னாள், அருவிக்குள் இன்னொரு முப்பத்தேழு நின்றாள். மற்றதெல்லாம் நான் எழுதியது. 1963இல் ஒருதடவை போனேன். கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். பூ விற்கிறவளிடம் கேட்டேன். "எந்தப் பொம்பளையக் கேக்கிய? இங்கன சாரலுக்குச் சாரல் ஆளு மாறுது" என்றாள்.

வில்லை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இந்தத் தாள்கள் ஏ.சி. காற்றில் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூலும் இருக்கிறது. வெள்ளையாக இருந்ததா மஞ்சளாக இருந்ததா என்று எத்தனையோ முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். கிண்ணத்தில் முக்கியது என் நூலையா, எனக்கு முன்னால் நின்றவள் நூலையா என்பது ஞாபகம் இல்லை. பலகையில் ஆணி உள்ள முப்பத்தேழு நானா, கோணியிலிருந்து வந்த முப்பத்தேழு நானா, எனக்குத் தெரியாது. அது சீயக்காய் நிறத்தில்தான் இருக்கிறது.

ஆகவே நாலு முடிவையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சாயங்காலம் அவள் என்ன செய்தாள் என்பதை நான் எழுதக்கூடாது. எனக்கு வேண்டியதைத்தான் எழுதுவேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கோணியைக் கொட்டினாலும் சரி, பொட்டலத்தை அடுப்பில் போட்டாலும் சரி, அவள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு வேண்டுகோள். எப்படி எழுதினாலும், தட்டியைச் சாத்துவதற்கு முன்னால் அவள் வெளியே வந்து, சாரலில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அருவியைப் பார்த்து ஒருதடவை "முப்பத்தேழூ" என்று கூப்பிட வேண்டும்.

அதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். நான் இங்கன இருக்கேன்க்கா.